டிஜிட்டல் கேமரா பேட்டரி: வாங்கும்போதும் பயன்படுத்தும்போதும் கவனிக்க வேண்டியவை

திருமணத்தில் மாலை மாற்றும் வேளையிலோ, லடாக்கின் பனிமலையில் சூரியன் உதிக்கும் நேரத்திலோ கேமரா அணைந்துவிட்டால், அந்தக் காட்சி மீண்டும் கிடைக்காது. சரியான பேட்டரியைத் தேர்ந்தெடுத்து முறையாகப் பராமரித்தால், இத்தகைய ஏமாற்றத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

எந்த வகை பேட்டரி?

தற்போது விற்பனையாகும் பெரும்பாலான கேமராக்கள், அந்தந்த மாடலுக்கென வடிவமைக்கப்பட்ட லித்தியம் அயன் பேட்டரியில் இயங்குகின்றன. இவ்வகை பேட்டரியை சோனி நிறுவனம் 1991-ஆம் ஆண்டு வணிக ரீதியாக அறிமுகப்படுத்தியது. இதனை உருவாக்கியதற்காக ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகியோருக்கு 2019-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பழைய சிறிய கேமராக்களும், தனியாகப் பொருத்தும் ஃப்ளாஷ் கருவிகள் பலவும் ஏஏ அளவு செல்களைப் பயன்படுத்துகின்றன. அல்கலைன் செல்லின் மின்னழுத்தம் 1.5 வோல்ட்; ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லின் மின்னழுத்தம் 1.2 வோல்ட் மட்டுமே. எனினும், ஃப்ளாஷ் போன்று ஒரே நேரத்தில் அதிக மின்னோட்டம் தேவைப்படும் கருவிகளுக்கு இரண்டாவது வகையே ஏற்றது. பழைய செல்லையும் புதிய செல்லையும் கலந்து பயன்படுத்தக் கூடாது.

வாங்கும்போது...

கேமரா நிறுவனம் குறிப்பிடும் மாடல் எண்ணும் மின்னழுத்தமும் பொருந்துகின்றனவா என முதலில் சரிபார்க்க வேண்டும். மில்லி ஆம்பியர் மணி அளவை வோல்ட்டால் பெருக்கி, 1,000-ஆல் வகுத்தால் வாட் மணி கிடைக்கும். உதாரணமாக, 7.2 வோல்ட், 2,000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட பேட்டரியின் திறன் 14.4 வாட் மணி. அதே அளவிலான பேட்டரி, மிகக் குறைந்த விலையில் இருமடங்கு திறன் தருவதாகக் கூறினால் அதை நம்ப இயலாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு முத்திரை உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

நீடித்து உழைக்க...

லித்தியம் அயன் பேட்டரியை முழுவதுமாகத் தீர்த்த பிறகே சார்ஜ் செய்ய வேண்டும் என்பது தவறான கருத்து. அடிக்கடி முற்றிலும் தீரவிடுவது அதன் ஆயுளைக் குறைக்கும். வெப்பமும் கேடு விளைவிப்பதால், வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்கக் கூடாது. நீண்ட நாள்கள் பயன்படுத்தாவிடில், ஏறக்குறைய பாதி சார்ஜில், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்கலாம்.

கடுங்குளிரில் பேட்டரியின் திறன் தற்காலிகமாகக் குறையும். உதிரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வைத்தால் உடல் வெப்பம் அதனைக் காக்கும். வைஃபை, புளூடூத் ஆகியவற்றை அணைத்து, திரையின் ஒளியைக் குறைப்பதும் மின்சாரத்தைச் சேமிக்கும். படம் எடுத்தவுடன் அதைத் திரையில் நெடுநேரம் பார்ப்பதைத் தவிர்ப்பதும் நல்லது.

பயணமும் பாதுகாப்பும்

விமானப் பயணத்தில் உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில் மட்டுமே எடுத்துச் செல்ல வேண்டும். அவற்றின் மின்முனைகள் உலோகப் பொருள்கள் மீது படாதவாறு மூடியிருப்பது அவசியம்.

வீங்கிய பேட்டரியை மீண்டும் சார்ஜ் செய்யவோ, துளையிடவோ கூடாது; தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. பயன்படுத்திய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு, 2022-ஆம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி உற்பத்தியாளர்களையும் சாரும். எனவே, அவற்றை வீட்டுக் குப்பையில் சேர்க்காமல் சேகரிப்பு மையங்களில் ஒப்படைப்பதே முறையானது.