அறிவியலும் கவிதையும்: தமிழ் மரபு

தமிழில் அறிவியலும் கவிதையும் நெடுங்காலம் பிரியாமல் வளர்ந்தவை. இயற்கையைக் கூர்ந்து நோக்குவதும் வகைப்படுத்துவதும் செய்யுளிலேயே நடந்தன. அந்த மரபு அண்மைக்காலத்தில் தேனி வட்டாரத்திலிருந்து புதிய வலிமை பெற்றது.

தொடக்க வரலாறு

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஆறாக வகுக்கிறது. புல்லும் மரமும் ஓரறிவுடையவை. நத்தை முதலியன ஈரறிவும், கறையானும் எறும்பும் மூவறிவும், நண்டும் தும்பியும் நாலறிவும் பெற்றவை. விலங்குகள் ஐயறிவின, மக்கள் ஆறறிவினர். தொடுதல், சுவை, மணம், பார்வை, கேள்வி, மனம் என்னும் வரிசையில் அமைந்த இப்பகுப்பு, தமிழரின் உயிரியல் சிந்தனைக்குத் தலையாய சான்று.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும், அவற்றில் வாழும் விலங்கு, பறவை, மரம், பூ முதலியவற்றைக் கருப்பொருளாகவும் கொண்டது திணைக் கோட்பாடு. தேனிப் பகுதியில் குறிஞ்சித் திணைக்குப் போடி மலையும், மருதத்துக்குப் பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கு வயல்களும் இன்றும் கண்கூடு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி, போடிக்கு மேற்கேயுள்ள மூணாறு மலைகளில் 2018இல் பூத்தது. ஞாயிற்றின் செலவையும் காற்றின் திசையையும் அளந்தறிந்தாற்போல் உரைத்தோரை, உறையூர் முதுகண்ணன் சாத்தனார் புறநானூற்று 30ஆம் பாடலில் குறிப்பிடுகிறார்.

ஓலைச்சுவடிக் காலத்தில் யாப்பே நினைவுக்குத் துணை. அதனால் சித்த மருத்துவமும், காரி நாயனாரின் கணக்கதிகாரம் போன்ற கணித நூல்களும் செய்யுளாயின. அச்சு பரவியபின் அறிவியல் உரைநடைக்கு மாறியது.

புதுக்காலம்

1910இல் ஹாலி வால்மீன் தோன்றியபோது, புதுச்சேரியில் இருந்த பாரதியார் 'சாதாரண வருஷத்துத் தூமகேது' பாடினார். அதன் வால் மெல்லிய வாயுவால் ஆனது என்ற வானியல் செய்தி அப்பாடலில் இடம்பெறுகிறது.

தேனி மாவட்டத்தின் வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்து, அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜாவின் 'நிழல்கள்' (1980) படத்தில் பாடலாசிரியராக அறிமுகமானார். ஆனந்த விகடனில் தொடராக வந்த அவரது 'தண்ணீர் தேசம்' (1996), நடுக்கடலில் படகு பழுதாகித் தவிப்போரின் கதையினூடே கடலியல் செய்திகளைக் கவிதை நடையில் சொல்கிறது. 'மூன்றாம் உலகப் போர்' நாவலில் புவி வெப்பமாதலையும் உழவர் துயரையும் எழுதினார்.

இன்று இதழ்களிலும் இணையத்திலும் அறிவியல் கவிதைகள் வெளிவருகின்றன. பரந்த வாசகரைச் சென்றடைந்த முன்னோடிகளுள் ஒன்று 'தண்ணீர் தேசம்'.