மணியும் ரொக்கியும் குடியிருக்கும் அட்டை

எங்கள் வீட்டு அலமாரியில், பிறப்புச் சான்றிதழ்கள் வைத்திருக்கும் தகரப்பெட்டிக்குள் ஒரு கேம் அட்டை இருக்கிறது. 35 மில்லிமீற்றர் நீளம், 33 மில்லிமீற்றர் அகலம். தபால் முத்திரை அளவுதான். அதற்குள் இரண்டு நாய்க்குட்டிகள் இருக்கின்றன. ஒன்றின் பெயர் ரொக்கி, மற்றதன் பெயர் மணி. இந்த அட்டை ரொறன்ரோவில் ஒரு சிறுவனின் கையில் இருந்து, இலங்கையின் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, ஏ9 வீதியில் மாத்தளையைத் தாண்டி எங்கள் ஊரான நாலந்தாவுக்கு வந்து சேர்ந்தது. அது வந்த வழியை எழுதிவைக்க வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன்.

வழி கியோத்தோவில் தொடங்குகிறது. யப்பானின் அந்தப் பழைய தலைநகரில் 1889இல் பூப்படம் போட்ட கடதாசிச் சீட்டுகள் செய்யும் கடையாகத் தொடங்கியதுதான் நின்டென்டோ. சீட்டில் தொடங்கிய நிறுவனம் நூறு வருடங்களுக்குப் பிறகு கையடக்க விளையாட்டுக் கருவிகளால் உலகமெங்கும் பெயர் எடுத்தது. மாரியோவை உருவாக்கிய ஷிகெரு மியமோத்தோ அங்கேதான் வேலை செய்கிறார். தன் வாழ்க்கையில் தனக்குப் பிடித்துப்போனதை விளையாட்டாக்குவது அவருடைய வழக்கம். தோட்டவேலையில் ஈடுபட்டபோது, மண்ணிலிருந்து பிடுங்கி எடுக்கும் குட்டி உயிர்கள் நிறைந்த விளையாட்டு ஒன்று பிறந்தது. பிறகு அவர் வீட்டுக்கு ஒரு நாய் வந்தது. அந்த நாயிடமிருந்து வந்ததுதான் எங்கள் அட்டையில் இருக்கும், நாய்க்குட்டி வளர்க்கும் விளையாட்டான ‘நின்டென்டாக்ஸ்’. 2005 ஏப்ரல் 21இல் யப்பானிலும், அதே வருடம் ஓகஸ்டில் அமெரிக்காவிலும் வெளியானது. யப்பானின் ‘ஃபாமிற்சு’ இதழ் அதற்கு 40க்கு 40 புள்ளி கொடுத்தது. அந்த இதழின் சரித்திரத்தில் முழுப்புள்ளி வாங்கிய ஐந்தாவது விளையாட்டு அது. எல்லாப் பதிப்பும் சேர்த்து 2 கோடியே 30 லட்சத்துக்கும் மேல் விற்றது.

வெல்ல வேண்டிய எதிரி இல்லை, கடக்க வேண்டிய கோட்டை இல்லை. தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்ப வேண்டும், சாப்பாடு வைக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், நடக்கக் கூட்டிப்போக வேண்டும். இதற்கு ஏன் இத்தனை பேர் காசு கொடுத்தார்கள்?

இதற்கு முன்னும் ஒன்று வந்திருந்தது. 1996 நவம்பரில் பண்டாய் நிறுவனம் வெளியிட்ட தமகொச்சி: முட்டை வடிவப் பொம்மை, மூன்று பொத்தான், கறுப்புப் புள்ளிகளால் ஆன ஒரு உயிர். கவனிக்காமல் விட்டால் செத்துப்போகும். யப்பானியப் பதிப்பில் கல்லறையே திரையில் வரும். பாடசாலை நேரத்தில் செத்துவிடுமே என்று பெற்றோரிடம் கொடுத்துவிட்டுப்போன பிள்ளைகள் உண்டு. அதன் பிடி அச்சத்தின் பிடி. 1999இல் சோனி நிறுவனம் ஐபோ என்ற இயந்திர நாயை விற்றது. விலை இரண்டரை லட்சம் யென். அதன் உற்பத்தி 2006இல் நின்றுபோக, உதிரிப்பாகம் கிடைக்காமல் ஓய்ந்த ஐபோக்களுக்கு சிபா மாகாணத்துப் புத்த கோயில் ஒன்றில் பிக்குகள் சூத்திரம் ஓதி இறுதிக்கிரியை செய்தார்கள். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து வருடம் பெயர் சொல்லி அழைத்த ஒன்றை எப்படிக் குப்பையில் போடுவது?

நின்டென்டாக்ஸ் குட்டி சாகாது. வளர்ந்து கிழடாவதும் இல்லை. பட்டினி போட்டால் மெலியும், அழுக்காகும், சில சமயம் வீட்டைவிட்டு ஓடிப்போகும். பிறகு திரும்பி வரும். இதைப் பலர் குறையாகச் சொன்னார்கள், சாவு இல்லாத பாசம் பிள்ளைகளுக்குப் பொறுப்பைக் கற்றுத்தராது என்று. நான் அதை ஏற்கவில்லை. தண்டனைக்குப் பயந்து தண்ணீர் வைப்பது ஒன்று. அது தாகத்தோடு இருக்கிறது என்பதற்காக வைப்பது வேறொன்று. இரண்டாவதைத்தான் இந்த விளையாட்டு கேட்டது.

2010 டிசம்பரில் அந்த அட்டை எங்களிடம் வந்தது. போர் முடிந்து ஏ9 வீதி திறந்திருந்த காலம். என் சித்தி ரொறன்ரோவிலிருந்து வந்து, யாழ்ப்பாணத்தில் இருக்கும் தன் கணவர் வீட்டுக்குப் போகிற வழியில் எங்களோடு இரண்டு நாள் தங்கினார். கெடிகே என்ற பழைய கற்கோயிலுக்குத் திரும்பும் சந்திக்குச் சற்றுத் தள்ளித்தான் எங்கள் வீடு. சித்தியின் பெட்டியில் சொக்லட், சவர்க்காரம், பழைய ஜக்கெட்டுகளோடு நின்டென்டோவின் கையடக்கக் கருவியான வெள்ளை நிற டிஎஸ் லைட் ஒன்றும், அதற்குள் இந்த அட்டையும் இருந்தன. “மகனுக்கு இது அலுத்துப்போச்சு. பிள்ளைக்குக் குடுங்கோ,” என்று என் அக்கா மகளைக் காட்டி எங்களிடம் நீட்டினார். அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

உடனே விளையாட முடியவில்லை. கனடாவிலிருந்து வந்த சார்ஜர் 120 வோல்ட்டுக்கானது. எங்கள் சுவரில் வருவது 230. நல்லவேளையாக என் அப்பா அதைக் கண்ணாடி போட்டு வாசித்துவிட்டார். மாத்தளையில் ரேடியோ திருத்துகிற ஒருவரிடம் போய், மின்னழுத்தத்தைக் குறைக்கிற ட்ரான்ஸ்போமர் ஒன்று வாங்கிவந்தோம். செங்கல் பாரம். உள்ளங்கையில் அடங்கும் நாய்க்குட்டிக்குச் சோறு போட இத்தனை பெரிய அடுப்பு.

திரை வெளிச்சமானதும் ஒரு குட்டி ஓடிவந்து கண்ணாடியில் முன்னங்கால் இரண்டையும் வைத்தது. அது ரொக்கி. கனடாவில் இருந்த சித்தி மகன் வளர்த்தது. அவள் “ரொக்கி, ரொக்கி” என்று கூப்பிட்டாள். அது திரும்பவில்லை. காதைச் சொறிந்துகொண்டது.

ஏன் என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. பிறகுதான் விளங்கியது. அந்தக் கருவிக்கு எந்த மொழியும் தெரியாது. ஒலிவாங்கியில் நாம் சொல்லும் சத்தத்தின் வடிவத்தை மட்டும் அது பதிந்துகொள்ளும். பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னால், அந்தக் குரலில் அந்தச் சத்தம்தான் தன் பெயர் என்று குட்டி பழகும். வித்தை கற்பிப்பதும் அப்படித்தான்: ஸ்டைலஸால் முதுகைத் தடவி உட்காரவைத்தால் மூலையில் ஒரு மின்குமிழ் எரியும், அதைத் தொட்டு, வேண்டிய சொல்லைச் சொல்ல வேண்டும். சில முறை சொன்னால் பிடித்துக்கொள்ளும். ஆகவே ரொக்கி பழகியிருந்தது ஒரு பெயருக்கு மட்டுமல்ல, ரொறன்ரோவில் வளர்ந்த ஒரு பையனின் தொண்டைக்கும் சேர்த்துத்தான்.

அப்படியானால் தமிழும் அதற்கு ஒன்றுதான். 2010இல் எங்கள் வீட்டில் இருந்த எந்தக் கைபேசிக்கும் தமிழில் பேசினால் புரியாது. இந்த வெள்ளைப் பெட்டிக்கு “உக்காரு” என்றால் போதும். மேடைத்தமிழ் தேவையில்லை, மாத்தளைத் தமிழ் போதும். இந்த விளையாட்டின் கவர்ச்சி எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், அழகான முகத்தையோ ரோமத்தையோ காட்டமாட்டேன். நீங்கள் பேசுகிற விதத்திலேயே பேசினால் போதும், உங்களுக்காகத் திரும்பிப் பார்க்கும் ஒன்று இருக்கிறது என்பதைத்தான் காட்டுவேன்.

அக்கா மகள் தனக்கென்று ஒரு நாய் வேண்டும் என்றாள். அட்டையில் ஒருவர் மட்டும்தான் விளையாட்டைச் சேமித்து வைக்கலாம். புதிதாகத் தொடங்க வேண்டுமானால், திறக்கும்போது ஏ, பி, எக்ஸ், வை, எல், ஆர் ஆறு பொத்தானையும் ஒன்றாக அழுத்தி, இருப்பதை அழிக்க வேண்டும். அதைச் சித்தியே காட்டிக்கொடுத்தார். ஆறு பொத்தானிலும் விரல் வைத்துக்கொண்டு அவள் அழுத்தாமல் இருந்தாள்.

“அழிச்சா ரொக்கி எங்க போகும், தாத்தா?”

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. அன்று காலையில்தான் எல்லோரும் கெடிகே பார்த்துவிட்டு வந்திருந்தோம். பல்லவர் பாணியில் கல்லால் எழுப்பிய சிறு கோயில் அது. ஆயிரம் வருடத்துக்கும் மேல் பழையது. முன்பு தாழ்ந்த வயல்வெளியில் இருந்தது. மகாவலித் திட்டத்தில் போவத்தன்ன நீர்த்தேக்கம் கட்டியபோது தண்ணீருக்குள் போகவேண்டிய இடம். கல்லுக்கல்லாகக் கழற்றி, மேட்டில் கொண்டுவந்து மறுபடி அடுக்கினார்கள்.

“பாப்பா, கெடிகேயத் தண்ணிக்குள்ள விட்டாங்களா? தூக்கிட்டு வந்து மேல வச்சாங்கதானே. இருக்கிறதை இருக்கவிட்டு உனக்கு இன்னொண்ணு பார்ப்போம்.”

வழி இருந்தது. வீட்டில் மூன்று நாய்வரை வைத்துக்கொள்ளலாம். ரொக்கியை நடக்கக் கூட்டிப்போய், போட்டிகளில் தட்டுப் பிடிக்கவைத்து, விளையாட்டுக்குள் காசு சேர்த்து, ஒரு கிழமைக்குள் மஞ்சள் நிற லப்ரடோர் குட்டி ஒன்றை வாங்கினாள். மணி என்று பெயர் வைத்தாள். எங்கள் ஊர்களில் வீட்டுக்கு வீடு இருக்கும் பெயர்தான். அந்த வருட இறுதி விடுமுறை முழுதும் “மணி, மணி” என்ற குரல்தான் வீட்டில்.

நாய்க்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரைக் காப்பாற்றுவது நமக்குப் புதிதல்ல. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பகுதியில், எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காக்கப் போரிட்டு விழுந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்ட கல். அவன் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும், இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதிவைத்திருக்கிறார்கள். 1,400 வருடங்களுக்குப் பிறகும் அந்த நாயைப் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது.

நாய் நிசமா, தோற்றமா என்ற கேள்வியும் பழையதுதான். இலங்கையில் விஜயன் கரையேறியபோது அவன் ஆட்கள் கண்ட நாய் உண்மையில் யக்கினி ஒருத்தி எடுத்த உருவம் என்று மகாவம்சம் சொல்கிறது. நாய் இருந்தால் ஊர் இருக்கும் என்று நம்பி ஒருவன் அதன் பின்னால் போனான். பாரதத்தின் முடிவில் தருமரோடு மலையேறிய நாயும் நாயல்ல, தருமதேவதை. அது தெரியாமல்தான் அதை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்றார். நாய் யார் என்பது பிறகு தெரியவந்தது. அவர் விடமாட்டேன் என்றது முன்பே முடிந்துவிட்டது. திரைக்குள் இருக்கும் குட்டிக்குத் தண்ணீர் ஊற்றும் ஒன்பது வயதுப் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இடம்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மணி வந்த இரண்டு மாதத்துக்குள், பஸ் தரிப்பிடத்தில் படுத்திருக்கும் செவலை நாய்க்கு அவள் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் வைக்கத் தொடங்கினாள். யாரும் சொல்லவில்லை. திரையில் தண்ணீர்க் கிண்ணம் எப்போது காலியாகும் என்று பார்த்துப் பழகிய கண், தெருவிலும் அதைப் பார்த்தது. இயந்திர நாய் இருந்தால் பிள்ளைகள் நிசநாயை மறந்துவிடுவார்கள் என்பவர்களுக்கு என்னிடம் ஒரேயொரு சிரட்டைதான் சாட்சி.

மூன்று, நான்கு வருடத்தில் அவளுக்கும் அலுத்தது. சாதாரண தரப் பரீட்சை, வகுப்புகள், பிறகு கைபேசி. டிஎஸ் அலமாரிக்குள் போனது.

2022 மார்ச் கடைசியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. டோர்ச் தேடியபோது வெள்ளைப் பெட்டி கையில் தட்டுப்பட்டது. அவளுக்கு அப்போது 21 வயது. மின்சாரம் வந்ததும் அந்தச் செங்கல் ட்ரான்ஸ்போமரில் மாட்டினாள். பற்றறி முழுதாக இறங்கியிருந்ததால் கருவிக்கு நாளும் நேரமும் மறந்துபோயிருந்தது, அவளையே கேட்டது. ஆனால் நாய்கள் கருவியில் இல்லை, அட்டையில் இருந்தன. சேமித்ததை வைத்திருக்க அட்டையின் சில்லுக்கு மின்சாரமே தேவையில்லை. பழைய கேம்போய் அட்டைகள் பலவற்றில் அதற்கென்று ஒரு நாணயப் பற்றறி இருந்தது. அது தீர்ந்தால் உள்ளே இருப்பதும் போய்விடும். இதில் அப்படி இல்லை.

இரண்டும் இருந்தன. ரோமமெல்லாம் அழுக்கு. கடும் பசி, கடும் தாகம். முதலில் தண்ணீர் வைத்தாள். பிறகு கருவியை வாய்க்கு அருகே கொண்டுபோய் “மணி” என்றாள். அசையவில்லை. இரண்டாவது முறையும் இல்லை. மூன்றாவது முறை, அறியாமலே சிறுபிள்ளை மாதிரிக் கொஞ்சம் உயர்த்தி இழுத்துச் சொன்னாள். மணி தலையைத் திருப்பி ஓடிவந்தது. அவள் அழுதுவிட்டாள். நாங்கள் யாரும் ஒன்றும் பேசவில்லை.

அன்றிரவே ரொறன்ரோவுக்கு வட்ஸ்அப்பில் அழைத்தாள். சித்தி மகன் இப்போது வேலைக்குப் போகிறான். குரல் உடைந்து நல்ல ஆண்குரல். கைபேசியை டிஎஸ்ஸின் ஒலிவாங்கிக்கு அருகில் பிடித்தோம். “ரொக்கி,” என்றான். மறுபடி “ரொக்கி,” என்றான். பல தடவை. ரொக்கி திரும்பவில்லை. அது பழகியிருந்த குரல் இன்று உலகத்தில் யாரிடமும் இல்லை.

கொஞ்ச நேரம் அவன் பேசாமல் இருந்தான். பிறகு, “அழிச்சுப்போடாதேங்கோ,” என்று மட்டும் சொன்னான்.

டிஎஸ் வரிசைக் கருவிகள் உலகம் முழுவதும் 15 கோடிக்கும் மேல் விற்றன. இப்போது அவை புதிதாக வருவதில்லை. பழைய சாமான் கடைகளிலும், வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகளிலும், வீட்டு மேசை இலாச்சிகளிலும் அந்தச் சின்ன அட்டைகள் கிடக்கின்றன. உங்களிடம் ஒன்று இருந்தால், பழைய பற்றறி வீங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வீங்கியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், கழற்றி வேறு பற்றறி போடுங்கள். பிறகு, யாருக்கும் கொடுப்பதற்கு முன், அந்த ஆறு பொத்தானை அழுத்துவதற்கு முன், ஒருமுறை திறந்து உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். தண்ணீர் வையுங்கள். பெயர் நினைவிருந்தால் கூப்பிடுங்கள்.