ஊதாத் தவளை

ஊதாத் தவளை, மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் காணப்படும் வளைவாழ் தவளையினம். அறிவியல் பெயர் நாசிகபட்ராக்கஸ் சஹ்யாட்ரென்சிஸ். பன்றிமூக்குத் தவளை என்றும், கேரளத்தில் பாதாளத் தவளை, மாவேலித் தவளை என்றும் வழங்கும். ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியிலேயே கழித்து, இனப்பெருக்கத்துக்காகச் சில நாள்கள் மட்டும் வெளியே வருகிறது.

கண்டறிதலும் உறவும்

இதன் தலைப்பிரட்டை 1918இலேயே விவரிக்கப்பட்டிருந்தும், வளர்ந்த தவளை அறிவியலாளர் கண்ணில் படாமலே இருந்தது. இடுக்கி மாவட்டத்தில் கிடைத்ததை வைத்து ஆய்வாளர்கள் எஸ். டி. பிஜுவும் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபிராங்கி பொஸ்யூட்டும் 2003இல் ‘நேச்சர்’ இதழில் புதிய இனமாக அறிவித்து, அதற்கெனத் தனிக் குடும்பமும் வகுத்தனர். இதன் நெருங்கிய உறவினங்கள் இருப்பது செஷல்ஸ் தீவுகளில். இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலப்பரப்பாக இருந்த காலத்தில், ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன், இவ்விரு கிளைகளும் பிரிந்தன என்பது அவர்களின் கணிப்பு.

உடலமைப்பு

உப்பிய உடல் சுமார் 7 செ.மீ. நீளம். சிறு கண்கள், கூரிய வெளிர் மூக்கு, குட்டையான கால்கள். பின்னங்கால்களில் உள்ள கெட்டியான புடைப்பால் மண்ணைத் தள்ளிப் பின்புறமாகப் புதைந்துகொள்ளும். நிலத்தடியில் கறையான்களை உண்ணும்.

வாழிடமும் இனப்பெருக்கமும்

ஈரமான, இளகிய மண்ணும் அருகில் மழைக்கால ஓடையும் இதற்குத் தேவை. காட்டில் மட்டுமன்றி, காட்டை ஒட்டிய ஏலத் தோட்டங்களிலும் வாழ்கிறது. பருவமழைக்கு முந்தைய மழை மண்ணை நனைத்ததும் ஆண் தவளைகள் மண்ணுக்குள்ளிருந்தே கத்தத் தொடங்கும். உருவில் பெரிய பெண், தன்னைப் பற்றிக்கொண்ட ஆணைச் சுமந்தபடி ஓடையை அடைந்து, பாறை இடுக்கில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் இடும். தலைப்பிரட்டைகள் உறிஞ்சு வாயால் பாறையைப் பற்றி, பாயும் நீரிலும் அடித்துச் செல்லப்படாமல் பாசியைச் சுரண்டித் தின்னும். சுமார் நூறு நாள்களில் உருமாறி மண்ணுக்குள் புகும்.

தமிழ்நாட்டு உறவினம்

திருவில்லிபுத்தூர் மலைச் சரிவில் கண்டறியப்பட்ட நாசிகபட்ராக்கஸ் பூபதி 2017இல் தனி இனமாக விவரிக்கப்பட்டது. ஊர்வன ஆய்வாளர் சு. பூபதியின் நினைவாக இப்பெயர் இடப்பட்டது.

அச்சுறுத்தல்கள்

ஓடைக்கரைக் காடு தோட்டமாவதும் ஓடையின் குறுக்கே தடுப்பணை எழுவதும் ஊதாத் தவளையின் வாழிடத்தைக் குலைக்கின்றன. மலைவாழ் மக்கள் சிலர் தலைப்பிரட்டைகளை உணவுக்காகப் பிடிப்பதுண்டு. பல வாழிடங்கள் காப்புக்காடுகளுக்கு வெளியே இருப்பதால், தோட்டங்களுக்கிடையே ஓடும் ஓடைகளின் கரைகளையும் காப்பது இவ்வினத்துக்கு இன்றியமையாதது.