ஜஹாங்கீரின் உருவப் பதக்கங்கள்: தலைப்பாகையில் ஏறிய அதிகாரம்

முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் (ஆட்சிக்காலம் 1605-1627) தம் முகத்தைப் பொன்னில் பொறித்துத் தேர்ந்தெடுத்த அரசவையினருக்கு வழங்கினார். மொஹர் எனப்படும் தங்க நாணயத்தின் எடையிலேயே, சுமார் 11 கிராமில், இவை அமைந்திருந்தன. ஆயினும் கடைவீதியில் இவை புழங்கவில்லை. பேரரசரிடமிருந்து பெற்று அணிந்துகொள்ளும் பதக்கங்களாகவே விளங்கின.

இஸ்லாமிய அரசர்களின் நாணயங்களில் பெரும்பாலும் எழுத்துகளே இடம்பெறும். அந்த மரபிலிருந்து ஜஹாங்கீர் விலகியதற்கு, அவர் அரியணை ஏறிய சூழலும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. இளவரசர் சலீமாக இருந்தபோது தந்தை அக்பரை எதிர்த்து அலகாபாத்தில் தனி அவை நடத்தியவர் அவர். அக்பரின் நம்பிக்கைக்குரிய அபுல் ஃபசல் 1602-இல் கொல்லப்பட்டது தமது தூண்டுதலால்தான் என்பதைத் தம் நினைவுக்குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். முடிசூடிய சில மாதங்களில், 1606-இல், மூத்த மகன் குஸ்ரோ கிளர்ச்சி செய்தார். இந்தக் கொந்தளிப்பான தொடக்கக் காலத்தைச் சேர்ந்த உருவ மொஹரில் உள்ள முகம் அக்பருடையது. தாம் எதிர்த்து நின்ற தந்தையையே தம் உரிமைக்குச் சான்றாக நிறுத்தினார் மகன்.

1611-ஆம் ஆண்டு மொஹர்களில் ஜஹாங்கீரின் உருவமே இடம்பெற்றது. தலையைச் சுற்றி ஒளிவட்டம். மறுபுறம் சிங்கமும் சூரியனும். 1614-இல் அஜ்மீரில் வெளியானவற்றில் கையில் மதுக்கிண்ணத்துடன் சம்மணமிட்டு அமர்ந்திருக்கிறார். மதுப்பழக்கத்தை நினைவுக்குறிப்பிலும் அவர் ஒளிக்கவில்லை.

இப்பதக்கங்களின் பயன்பாட்டை விளக்கும் சிறந்த சாட்சி இங்கிலாந்துத் தூதர் சர் தாமஸ் ரோ. 1616-இல் அஜ்மீரில் தங்கச் சங்கிலியில் கோத்த பேரரசரின் சிறு உருவப்படம் அவருக்கு வழங்கப்பட்டது. உடனே மண்டியிட்டுத் தலையைத் தரையில் தொடுமாறு பணியாளர்கள் கூறினர். பேரரசர் அதை வற்புறுத்தவில்லை. உள்நாட்டுப் பிரபுக்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது, ஆறு பென்னி நாணயத்தின் அளவுள்ள பொற்பதக்கமும் அதைத் தலையில் பொருத்த நான்கு அங்குலச் சங்கிலியுமே என்று ரோ பதிவு செய்துள்ளார். வழங்கப்பட்டவரைத் தவிர வேறு எவரும் அரசரின் உருவத்தை அணியத் துணியார். அதில் கற்களும் முத்துகளும் பதித்து அழகூட்டும் செலவு மட்டும் அணிபவருடையது.

ஜஹாங்கீருக்குப் பின் வந்த ஷாஜஹானின் நாணயங்களில் மீண்டும் எழுத்துகளே இடம்பெற்றன.