தேவ அழைத்தலும் தாயின் கண்ணீரும்

மதுரை மாநகரின் கீழ்பால் வண்டியூரில் விளங்கும் தெப்பக்குளத்தை அறியாதார் நம்முள் இரார். அதனை அகழ்வித்த திருமலை நாயக்கர் (1623–1659) அரசு புரிந்த காலத்தில், இந்நகரிலே காவியுடுத்துப் புலால் நீக்கி, தமிழும் வடமொழியும் கற்று வாழ்ந்த இத்தாலியத் துறவி ஒருவர் இருந்தார். அவரே 1606-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மதுரைக்கு வந்து, தத்துவ போதகர் எனப் பெயர் பூண்ட ராபர்ட் தெ நோபிலி சுவாமிகள். அவர் இங்கு வந்து செய்தவற்றை நம்மவர் பலகாலும் பேசுவர். தம் வீட்டை விட்டு எங்ஙனம் புறப்பட்டார் என்பதை எண்ணுவோர் சிலரே. கத்தோலிக்க குருவாக வேண்டுமென்று மைந்தன் சொல்லக் கேட்டுத் திகைத்து நிற்கும் பெற்றோர் இன்றும் உளர். ஆதலின் அவ்விருப்பம் மெய்யான தேவ அழைத்தல்தானா என்று தேர்ந்தறியும் வழியைச் சரித்திரத்தின் வாயிலாக ஆராய்வது பயனுடைத்தாம்.

நோபிலி சுவாமிகள் 1577-ஆம் ஆண்டில் ரோமாபுரியிலே உயர்குடியில் தலைமகனாய்ப் பிறந்தவர். குடியின் பெயரும் உடைமையும் அவர்பால் வந்து சேரவேண்டியிருந்தன. சேசு சபையில் சேர அவர் விரும்பியபோது குடும்பத்தார் கடுமையாகத் தடுத்தனர். அவரோ ஒருவரும் அறியாவண்ணம் நேப்பிள்ஸ் நகருக்குச் சென்று, அங்கே அச்சபையிற் புகுந்தார். 1603-இல் குருப்பட்டம் பெற்றார்.

மற்றொருவர் அருளானந்தர் என நம் நாட்டார் போற்றும் ஜான் தெ பிரிட்டோ. 1647-ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரிற் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, அரசகுமாரனாகிய பேத்ருவோடு அரண்மனையில் வளர்ந்தவர். சிறுபருவத்தில் அவர் கொடிய நோயுற்றபோது, அன்னையார் அர்ச். சவேரியாரை நோக்கி நேர்ந்துகொண்டு, மைந்தன் பிழைத்தபின் ஓராண்டு சேசு சபையாரின் அங்கியை அவருக்கு உடுத்தினார். அவ்வங்கியையே அவர் வாழ்நாள் முழுமைக்கும் விரும்பி, 1662-இல் தம் 15-ஆம் வயதில் சபையிற் சேர்ந்தார். பின்னர் அவர் இந்தியாவுக்குச் செல்லத் துணிந்தபோதோ, நேர்ந்துகொண்ட அதே அன்னை அப்பயணத்தைத் தடுக்கப் போப்பாண்டவரின் தூதர் வரையிலும் சென்று முறையிட்டார். தாயின் உள்ளம் அத்தன்மைத்து; அதனைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை. ஆயினும் 1673-இல் அவர் கப்பலேறினார்.

இவ்விரு சரிதைகளையும் படிப்போர், எதிர்ப்பை மீறிச் செல்வதே அழைத்தலின் அடையாளம் என்று கொள்ளலாகாது. பிடிவாதத்தினாலும் ஒருவன் வீட்டை நீங்கலாம். படிப்பில் தோல்வியுற்றும், மணம் அமையாத வருத்தத்தாலும் நீங்கலாம். அவ்வாறாயின் உண்மையை அறிவது எவ்வாறு?

இதற்கு விடை தேடியவர், சேசு சபையை நிறுவிய அர்ச். இஞ்ஞாசியார். அவர் போர்வீரர். 1521-இல் பம்ப்லோனா கோட்டைப் போரில் குண்டடியால் கால் முறிந்து படுக்கையிற் கிடந்தபோது, இருவகை நினைவுகள் தம் மனத்தில் மாறிமாறி எழக் கண்டார். வீரப்புகழையும் அரசவைச் சிறப்பையும் எண்ணியபோது இன்பம் உண்டாயிற்று. எண்ணி முடித்தபின் நெஞ்சு வறண்டது. புண்ணியவான்களைப் போல் வாழ எண்ணியபோதும் இன்பம் உண்டாயிற்று. எண்ணம் நீங்கிய பின்னும் அது நீங்கவில்லை. இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டே பின்னர் 'ஞானப் பயிற்சிகள்' என்னும் நூலை அவர் அமைத்தார். மனம் கலங்கிச் சோர்ந்திருக்கும் வேளையில், தெளிந்த வேளையிற் செய்த தீர்மானத்தை மாற்றலாகாது என்பதும் அவர் கூறிய விதி. ஆகவே விருப்பம் எழுந்தது என்பது மட்டும் போதாது. அது நாள் கடந்தும் நிலைபெறுகின்றதா என்று காண வேண்டும்.

ஒருவன் தன்னைத் தானே குருவாகத் துணிதலும் அமையாது. திருச்சபை அவனைச் சோதித்து ஏற்றல் வேண்டும். 1983-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத்தின்படி, குருமடத்தில் தத்துவமும் வேதசாஸ்திரமும் ஆறாண்டு நிரம்பக் கற்றல் வேண்டும். 25 வயது நிறையுமுன் குருப்பட்டம் அளித்தல் வழக்கமன்று. அச்சட்டமே, எவ்வகையாலும் ஒருவனைக் குருப்பட்டம் பெற வற்புறுத்தலாகாது என்றும், தகுதியுடையவனை அதினின்று விலக்கலுமாகாது என்றும் விதித்துள்ளது. இவ்விரண்டு பகுதியும் பெற்றோர் நெஞ்சில் நிறுத்தற்குரியன.

நம் சங்கத்தார்க்கு மேலும் ஒன்று கூறவேண்டும். அச்சட்டத்தில் பிறந்த குலம் தகுதியாகவும் சொல்லப்படவில்லை; தடையாகவும் சொல்லப்படவில்லை. எனினும், மதுரை மிஷனிலேயே குலவேற்றுமைக்கேற்பச் சந்நியாசிகள் என்றும், 1640 முதல் பண்டாரசுவாமிகள் என்றும் குருமார் வெவ்வேறு கோலம் பூண்டு பணிசெய்தனர். அருளானந்தரும் பண்டாரசுவாமியாகவே இருந்தார். அது அக்கால நிலை. 'நம் குலத்திலும் ஒரு சுவாமியார் வேண்டும்' என்னும் பெருமைக்காக ஒரு பிள்ளையை அனுப்புவோமாயின், அது வற்புறுத்தலேயாம். 'நம் குடிக்கு ஒரே மகன்' என்று அழுது மறிப்போமாயின், அதுவும் அவன் உரிமையைக் கவர்வதேயாம். சில ஆண்டு பொறுத்திருந்து பார் என்று அன்போடு சொல்லுதலும், குருமடத்தினின்று திரும்பி வருவானாயின் இகழாது ஏற்றுக்கொள்ளுதலும் பெற்றோர் கடன். திரும்பி வந்தவன் தோற்றவன் அல்லன், சோதித்து அறிந்துகொண்டவன்.

துறவு தாயை மறப்பதும் அன்று. பட்டினத்தடிகள் யாவற்றையும் துறந்த பின்னும், அன்னையின் ஈமக்கடனுக்குத் தவறாது வந்தார் என்பது நம்மவர் அறிந்த வரலாறு.

அருளானந்தர் 1687-இல் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டார். உடன் வளர்ந்த பேத்ரு அப்பொழுது அரசர். தம்மோடு இருக்குமாறு அவரை விரும்பினார். அரண்மனையும் அன்னையும் அருகிருந்தும், அவர் 1690-இல் மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். இளமையில் எழுந்த விருப்பம் ஏறக்குறைய முப்பதாண்டு கழித்தும் மாறவில்லை. 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள், மறவர் நாட்டு ஓரியூரில் அவர் தலை வெட்டுண்டது. செய்தி லிஸ்பனுக்கு எட்டியபோது அரசர் நன்றிவழிபாடு நடத்துவித்தார் என்றும், அதற்கு வந்த அன்னையார் துக்க உடையின்றி விழாக்கால ஆடை உடுத்தியிருந்தார் என்றும் அவர் சரிதை கூறும். 1947-இல் திருச்சபை அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளித்தது.

பயணத்தைத் தடுக்க முயன்ற அத்தாய் அந்நிலையை எய்துதற்கு எத்தனை ஆண்டு எத்தனை கண்ணீர் வேண்டியிருந்ததோ! அதனை நம்முள் ஒரு தாயிடம் ஒரே நாளில் எதிர்பார்த்தல் நியாயமன்று. மைந்தனுக்குக் காலம் கொடுப்போம். தாய்க்கும் காலம் கொடுப்போம்.