தாய்மொழி தங்கிய இடம்

இலத்தீன் அமெரிக்கர் பலர் தம் மரபைக் குறிக்க வழங்கும் 'மெஸ்திசோ' என்னும் ஸ்பானியச் சொல்லுக்குக் கலப்பு வழியினர் என்பது பொருள். முன்னாளில் அஃது இழிசொல்லாகவும் வழங்கியது. 1539இல் பெருவின் கூஸ்கோ நகரில் பிறந்த வரலாற்றாசிரியர் இன்கா கார்சிலாசோ, 1609இல் வெளிவந்த தம் நூலில் அச்சொல்லைப் பெருமையுடன் ஏற்றார். அவர் தாய் இன்கா அரச குலத்தவர். தந்தை ஸ்பானியப் படைத்தலைவர். ஆயினும் தந்தை அத்தாயை மணவாது, ஸ்பானியப் பெண்ணொருத்தியையே மணந்தார். குருதி கலந்தது, மதிப்புச் சமமாகவில்லை.

இவ்வேறுபாட்டை மொழியிலும் காணலாம். 1521இல் அஸ்தெக்கர் தலைநகர் தெனோச்தித்லான் வீழ்ந்தபின், மெக்சிகோவில் சட்டத்துக்கு உரிய மொழியாக ஸ்பானியம் மேலோங்கியது. அடுக்களையோ நாவாத்து மொழியைக் கைவிடவில்லை. தக்காளி 'தொமாத்தே', மக்காச்சோளம் அரைக்கும் அம்மி 'மெத்தாத்தே', ரொட்டி சுடும் தட்டு 'கொமால்'. மெக்சிகோவின் ஸ்பானியத்தில் இன்றும் வழங்கும் இம்மூன்றும் நாவாத்துச் சொற்களின் திரிபுகள். அரண்மனையை இழந்த மொழிக்கு அம்மியடியில் இடந்தந்தோர் பெண்கள்.

எனினும், சொல் வாழ்வது வேறு. மொழி வாழ்வது வேறு. நாவாத்து இன்றும் பேசப்படுகிறது. ஆனால் மெக்சிகோ மக்களுள் மிகப் பலரிடம் அதன் சொற்களே எஞ்சியுள்ளன. பராகுவே நாட்டிலோ, ஸ்பானியம் பேசுவோரும் வீட்டில் குவாரனி மொழியைத் தொடர்ந்து பேசினர். 1992ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அதனை ஸ்பானியத்தோடு இணையான ஆட்சிமொழியாக்கியது. சொற்கள் பிறமொழியில் குடிபுகுந்தும் பிழைக்கும். மொழி பிழைக்கக் குழந்தையிடம் அதைப் பேசியாக வேண்டும்.