செருப்புப் பசையும் இரத்தப் புற்றுநோயும்

செருப்பின் அடித்தோலோடு மேல்தோலைப் பிணைத்து வைப்பது பசை. அந்தப் பசையைக் கரைப்பதற்குப் பல நாடுகளில் பென்சீன் என்னும் திரவத்தைப் பயன்படுத்தி வந்தார்கள். நீர்போல் தெளிந்தது, இனிய மணமுடையது, விரைவில் ஆவியாவது. தொழிலுக்கு வேண்டியிருந்தது அந்த விரைவுதான். தொழிலாளியின் குருதியைக் கெடுத்ததும் அதுவே.

1825-இல் இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே இதனைக் கண்டறிந்தார். அதன் தீமையும் நெடுநாள் மறைந்திருக்கவில்லை. ஸ்வீடனில் உப்சாலா நகரத்துச் சைக்கிள் டயர்த் தொழிற்சாலையில் இளம்பெண்கள் சிலர் இரத்தம் குன்றி மாண்டதை 1897-இல் சாண்டெஸன் என்னும் அறிஞர் எடுத்துரைத்தார். பென்சீன் ஆவி மூச்சோடு உட்சென்று, உடலில் மாற்றமடைந்து, இரத்த அணுக்கள் பிறக்கும் இடமாகிய எலும்பு மஜ்ஜையைத் தாக்குகிறது. அணுக்கள் குறைவது ஒரு விளைவு. சிலருக்கு ஆண்டுகள் பல கழித்து இரத்தப் புற்றுநோயே தோன்றுகிறது. இதனையும் 1928-இலேயே பிரெஞ்சு மருத்துவர்கள் குறித்து வைத்தார்கள்.

இவ்வளவும் ஏட்டில் ஏறிய பின்னரே துருக்கி நாட்டு இஸ்தான்புல் நகரத்துச் செருப்புப் பட்டறைகளில் பென்சீன் கலந்த பசை பரவிற்று என்பதை எண்ணும்போது நமக்கு வியப்பும் வருத்தமும் ஒருங்கே எழுகின்றன. காற்றோட்டமற்ற சிற்றறைகள், பசைக் கிண்ணத்தின்மேல் குனிந்தவாறே நாள் முழுதும் வேலை. அந்நகரத்து மருத்துவர் முஸாபர் அக்சாய், தம்மிடம் வந்த நோயாளிகளின் தொழிலைக் கேட்டறிந்தார். மருத்துவர் பலர் கேட்க மறக்கும் கேள்வி அது! 1967 முதல் 1973 வரை செருப்புத் தொழிலாளர் 26 பேருக்குக் கடுமையான இரத்தப் புற்றுநோயோ அதன் முன்நிலையோ கண்டதாக 1974-இல் அவர் வெளியிட்டார். ஆண்டுக்கு இலட்சம் பேரில் 13 பேர் என்பது அவர் கணக்கு; பொதுமக்களிடையே 6 பேரே.

1969 முதல் அங்கே பென்சீனைப் படிப்படியாக விலக்கினார்கள். நோய் உடனே தணியவில்லை. முன்னமே சுவாசித்தவர்கள் அதன்பின்னும் வந்துகொண்டிருந்தார்கள். 1973-க்குப் பிறகே எண்ணிக்கை இறங்கிற்று.

இதற்கிடையில், 1971-இல், சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் பென்சீனைக் குறித்து ஓர் உடன்படிக்கை வகுத்தது. தீங்கு குறைந்த மாற்றுப் பொருள் கிடைக்குமிடத்து அதனையே கொள்ளவேண்டும்; பென்சீனோடு பழகுவோருக்கு வேலையில் சேருமுன்னும் பின்னர் அவ்வப்போதும் இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும் என்பன அதன் விதிகளுட் சில. இந்தியா அதனை 1991-இல் ஏற்றது. பதிவேடும் மருத்துவரும் உள்ள பெரிய ஆலைக்கு இவ்விதிகள் எளியவை. அக்சாய் கண்ட நோயாளிகளோ சின்னஞ்சிறு பட்டறைகளிலிருந்து வந்தவர்கள்.